எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

கார்ப் பைத்தியம் பிடித்த நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் யாரும் யாரையும் பாராட்ட மாட்டார்கள். அது எழுதாத சட்டம். ஒருத்தன் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாலு அலாய் வீல் மாட்டிக்கொண்டு வந்து நிறுத்துவான். மற்ற மூவரும் குனிந்து பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், நிமிர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் ஒருத்தர் நிதானமாகச் சொல்வார்: "வீல் சூப்பர் மாப்ள. கார் எப்ப வருது?"

அவ்வளவுதான். டீ ஆறிவிடும், சிரிப்பு ஆறாது.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஆரம்பித்து சி.டி.எச். ரோடு வழியாக ஆவடி செக்போஸ்ட் வரை, அந்தப் பக்கம் பூந்தமல்லி, குமணன்சாவடி வரை இப்படிப்பட்ட கோஷ்டிகளை எந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் பார்க்கலாம். கோஷ்டிக்குக் கோஷ்டி பாத்திரங்கள் மட்டும் மாறாது. பழைய மாருதி 800-ஐ விற்க மனசு வராமல் வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருப்பார். அப்பாவின் சான்ட்ரோவை 'ரீஸ்டோர்' பண்ணுகிறேன் என்று அலையும் கல்லூரிப் பையன் இருப்பான். டீசல் ஸ்விஃப்ட்டுக்கு 'ரீமேப்' போட்டவன் ஒருத்தன். திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சர் ஒன்றை ஆளில்லாத வீடு மாதிரி பராமரிக்கும் ஒருத்தர். லான்சர்காரர் எதையும் மாற்ற மாட்டார். ஸ்பேர் கிடைத்தாலே அவருக்குத் தீபாவளி!

கிண்டலுக்கும் இலக்கணம் உண்டு. காரைப் பேசலாம், கடனைப் பேசக் கூடாது. சைலன்ஸரைக் கிண்டல் பண்ணலாம், அதை வாங்கிக் கொடுத்த மாமனாரைக் கிண்டல் பண்ணக் கூடாது. வயதில் பெரியவர் கார் என்றால் "அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்று ஒரு முன்னுரை போட்டுவிட்டு அப்புறம் எவ்வளவு தப்பாக வேண்டுமானாலும் பேசலாம். எண்ணூறுக்குப் பின்னால் ஸ்பாய்லர் வைத்தால், "காத்துல பறந்துடும்னு பயமாண்ணே?" என்று கேட்பார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். அது பறக்க வேண்டுமானால் பாடி மேம்பாலத்திலிருந்து தள்ளிவிட வேண்டும். அண்ணனும் சளைத்தவர் இல்லை. "தம்பி, என் வண்டியில கம்ப்யூட்டர் கிடையாது. நடுவழியில நின்னா ஸ்பேனர் எடுத்தா போதும். உனக்கு லேப்டாப் எடுக்கணும்" என்பார். பழைய கார்புரேட்டர் எண்ணூறுக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை.

பதிவு எண்ணை வைத்தும் சண்டை. பூந்தமல்லி டி.என். 12, அம்பத்தூர் டி.என். 13. "பன்னெண்டுக்காரன் ஹாரனை மட்டும்தான் மாடிஃபை பண்ணுவான்" என்று பதிமூன்று சொல்லும். "பதிமூணுக்காரனுக்கு ராசியே இல்ல, அதான் வருஷத்துக்கு ரெண்டு பம்பர்" என்று பன்னிரண்டு திருப்பிக் கொடுக்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை கார் மோகம் என்று கேட்டால், காரணம் தெருவிலேயே இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அதற்கும் முன்பே டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்தது. பக்கத்துப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ். அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், சக்கரம், போல்ட் நட் எல்லாமே கூப்பிடு தூரத்தில். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் ஆலை; முதல் சான்ட்ரோ 1998-ல் அங்கிருந்துதான் வந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் லேத் ஓட்டுபவர் இருந்தால் அடுத்த வீட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இருப்பார். பகல் முழுக்க மைக்ரானைத் துரத்திவிட்டு வருகிற ஆளிடம் "கண்ணளவுக்குப் பொருத்தினேன் சார்" என்று சொன்னால் சும்மா விடுவாரா?

அதனால்தான் இந்தப் பக்கத்துக் கிண்டலில் கணக்கு இருக்கும். உதாரணத்துக்கு டயர். 165/80 ஆர் 14 என்று டயரில் எழுதியிருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம் என்று அர்த்தம். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர் வரும். 15 அங்குல ரிம்முக்குப் போகிறவன் 185/65 வாங்கினால் 621 அல்லது 622. கிட்டத்தட்ட அதே அளவு. 'பாக்க கும்முனு இருக்கணும்' என்று 205/65 வாங்கினால் 647-ஐத் தாண்டிவிடும். நாலரை சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட நாலு சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். இன்ஜின் இழுக்கச் சிரமப்படும், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் உள்ளே உரசும். இதை டீக்கடை பெஞ்சில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "டயரு பெருசா போட்டா கார் வளரும்னு நினைச்சியா?" என்று கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம்.

அடுத்தது ஹெட்லைட். சாதாரண எச்4 பல்ப் 60/55 வாட். அதைக் கழற்றிவிட்டு 100/90 போட்டால் ராத்திரி பகலாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் எட்டுக்கு மேல். இரண்டு பல்புக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர் கம்பெனி கொடுத்த மெல்லிய வயரிலும் சுவிட்சிலும் ஓட வேண்டும். ரிலே இல்லாமல் போட்டால் முதலில் ஹோல்டர் உருகும், அப்புறம் வாசனை வரும், அப்புறம் கூட்டம் கூடும். கோஷ்டி இதைச் சொல்லும் விதமே வேறு: "கார்ல ஹீட்டர் இல்லன்னு வருத்தப்பட்டியே, இப்ப வந்துடுச்சு பாரு."

ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்துகிறவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. அறுத்த ஸ்பிரிங் நீளம் குறைவது மட்டுமில்லை, இறுக்கமும் கூடும். பள்ளத்தில் சக்கரம் முழுசாகக் கீழே இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் வாய்ப்பு உண்டு. இந்தப் பக்கத்து ஸ்பீட் பிரேக்கர்களை நினைத்துப் பார்த்தாலே போதும். தாழ்த்திய காருக்காரன் குறுக்குவாட்டில் கோணலாக ஏறுவதைப் பார்த்து, "நண்டு வருது, வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல் வரும்.

மழைக்காலத்தில் இன்னொரு பாடம். அதிகக் காற்று வேண்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி, கூம்பு மாதிரி ஒன்றை பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைப்பது ஒரு ஃபேஷன். குளிர்ந்த காற்று வரும், உண்மைதான். தெருவில் தண்ணீர் நின்றால் தண்ணீரும் வரும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் பிஸ்டனை மேலே வர விடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதையும் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரன் மூக்கை ஏன் மேலே வைத்தான் என்பது அன்றைக்குப் புரிந்திருக்கும்.

கம்பெனிக்காரனே எப்போதும் சரி என்று அர்த்தமில்லை. மாடிஃபிகேஷன் சொதப்பலில் சென்னையின் மிகப் பெரிய உதாரணத்தைச் செய்தது ஒரு கம்பெனிதான். பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார், 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரை இறக்கியது. உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அங்கே மூன்றரை லிட்டர் வி8 இன்ஜினோடு ஓடி, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம் வாங்கிய வண்டி. இங்கே அதற்குள் வைத்தது பழைய இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின். நம்மூர் ரோட்டுக்காக உயரத்தையும் கூட்டினார்கள். ராஜா வேஷம் கட்டியவனை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்ட மாதிரி ஆயிற்று. 1988-ல் தயாரிப்பு நின்றது. 'வெளியே ரேஸ், உள்ளே ரிக்‌ஷா' என்று யாராவது பாடி கிட் மாட்டினால் பெரியவர்கள் இன்றைக்கும் இந்தக் காரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்து ஆள். பிரித்து மேய்ந்த அம்பாசிடர்களும் ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் ஓடிய இடம் அது. வெளிநாட்டு ரேஸ் காருக்குக் கோடீஸ்வரனாக இருக்க வேண்டும் என்ற நிலையில், 1988 வாக்கில் கரிவரதன் யோசித்தது எளிமையான யோசனை: தெருவில் ஓடும் மாருதி 800-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காருக்குள் வைத்தால் என்ன? அதுதான் ஃபார்முலா மாருதி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் வந்தபோது இந்தக் குட்டி வண்டிகள் அங்கே ஓடின. நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். அவர் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். டீக்கடையில் எல்லோரும் ஓட்டுகிற அதே எண்ணூறு இன்ஜின்தான்! அண்ணனின் காலர் ஏன் எப்போதும் தூக்கியே இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆவடிக்காரர்களிடம் மட்டும் இந்தப் பெருமையெல்லாம் எடுபடாது. "நாங்க டாங்கியையே மாடிஃபை பண்ணவங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதுவும் பொய் இல்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1980-களில் அதே விஜயந்தாவின் டர்ரெட்டைக் கழற்றி, உடலை நீட்டி, மேலே 130 மில்லிமீட்டர் ரஷ்ய பீரங்கியை ஏற்றி 'கேட்டபல்ட்' என்று ஒன்றைச் செய்தார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்த அர்ஜுன் மார்க் 1ஏ, பழைய அர்ஜுனில் எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்த வண்டி. எடை ஏறத்தாழ 68 டன். "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்டா வெயிட் கூடும்னு டிஃபென்ஸுக்கே தெரிஞ்சிருக்கு, உனக்குத் தெரியல பாரு" என்று டிக்கியில் சப்-ஊஃபர் வைத்தவனைப் பார்த்துச் சொல்வார்கள்.

சிரிப்பு நிற்கிற இடம் ஒன்று உண்டு. அது ஆர்.சி. புத்தகம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று சுப்ரீம் கோர்ட் இதையே உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் இதற்குத் தண்டனையும் வந்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நிறம்கூட ஆர்.சி.யில் இருக்கிற விஷயம்தான், மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும். கேஸ் கிட் போடுவதற்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு ஏற்றபடி கையாலேயே கிளட்ச், பிரேக் இயக்கும் வகையில் காரை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எல்லா மாடிஃபிகேஷனிலும் அதுதான் உசத்தி. அதை எந்தக் கோஷ்டியும் கிண்டல் பண்ணுவதில்லை. கூட நின்று நட்டைப் பிடிப்பார்கள்.

கறுப்பு ஃபிலிம் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஃபிலிமை உரிக்கச் சொன்னது. அமலுக்கு வந்த தேதி மே 4. வழக்கமாக அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கும் நாள்! "வெயிலு கேஸ் போட்டு ஜெயிச்சிருச்சு" என்று அன்றைக்குச் சொல்லாத சென்னைக்காரன் குறைவு. 2017 டிசம்பரில் முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டுகளுக்கும் மத்திய அரசு தடை சொன்னது. அதற்குக் காரணம் இருந்தது. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பாகத்தின் முன்னால் இரும்புக் குழாய் நின்றால், ஏர்பேக் விரிய வேண்டிய நேரம் தப்பலாம். ரோட்டில் நடந்து போகிறவருக்கு அடி பலமாக விழும்.

உண்மையான விஷயம் இங்கேதான் இருக்கிறது. மாடிஃபை பண்ணிய காரின் செலவை எப்போதும் சொந்தக்காரன் மட்டும் கட்டுவதில்லை. ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டுக்குள் எச்.ஐ.டி. பல்ப் போட்டவனுக்கு ரோடு பளிச்சென்று தெரியும். எதிரே ஷிஃப்ட் முடிந்து டி.வி.எஸ். 50-இல் வருகிறவருக்கு நாலு வினாடி ஒன்றுமே தெரியாது. தொழிற்பேட்டை ஊரில் ராத்திரி பத்து மணிக்கும் இரண்டு சக்கரத்தில் ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். வெளிவட்டச் சாலையில் 'டாப் எண்டு' பார்க்கிறவனுக்கும் இது பொருந்தும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது சொல்லாமல் செய்த மாற்றத்தைத்தான். அப்போது கிளெய்ம் சிக்கலாகும். ரீமேப்புக்குச் செலவழித்த பணம் அங்கே உதவிக்கு வராது.

இதைப் போலீஸ் சொன்னால் கோபம் வருகிறது. அப்பா சொன்னால் காதிலேயே விழுவதில்லை. நண்பன் கிண்டல் பண்ணினால் மட்டும் ராத்திரி தூக்கம் போகிறது. சட்டம் அபராதம் போடும். கோஷ்டி பட்டப்பேர் வைக்கும். அபராதத்தைக் கட்டி மறந்துவிடலாம், பட்டப்பேர் கல்யாணப் பத்திரிகை வரை கூடவே வரும். ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு முன் 'ஸ்க்ரூட்டினி' என்று ஒன்று உண்டு. அதிகாரிகள் ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பான், வண்டியின் பாகங்கள் எல்லாவற்றையும் பார்த்து முத்திரை குத்தினால்தான் உள்ளே விடுவார்கள். தெருவில் ஓடும் காருக்கு அப்படி யாரும் இல்லை. நாலு டீயும் நாலு வாயும்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன. அறுத்த ஸ்பிரிங்கை மாற்ற வைத்ததும், 100 வாட் பல்பைக் கழற்ற வைத்ததும் பல இடங்களில் இந்தக் கிண்டல்தான்.

ஆனால் கிண்டலுக்கும் ஒரு வியாதி உண்டு. "என்னடா இது, அமுக்கினா சத்தமே வரல" என்று ஒருத்தன் சீண்டினால், மறுவாரமே இன்னொருத்தன் புதுப்பேட்டைக்குப் போய் ஓட்டை சைலன்ஸர் வாங்கி வந்துவிடுவான். பாதுகாப்பாக வைத்திருப்பவனைப் 'பயந்தாங்கொள்ளி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அந்தப் பெஞ்சு ஸ்க்ரூட்டினி பெஞ்சாக இருக்காது. நல்ல கோஷ்டிக்கும் கெட்ட கோஷ்டிக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்: எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது.

லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொள்வது, நல்ல டயர், நல்ல பிரேக் பேடு, சரியான அலைன்மென்ட். இவை யார் கண்ணிலும் படாத மாடிஃபிகேஷன்கள். ஆர்.டி.ஓ. கேட்க மாட்டார், இன்ஷூரன்ஸ்காரர் மறுக்க மாட்டார். ஒரே குறை, டீக்கடையில் நிறுத்தினால் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்களுக்காகத்தான் ஸ்டிக்கர் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அண்ணன் எண்ணூறின் பின்கண்ணாடியில்கூட ஒன்று ஒட்டியிருக்கிறார்: 'டர்போ'.